228 ஆண்டு ஆயுள் காட்டிய குழாயில் ஒழுக்கு: ஆய்வு மென்பொருள் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

கும்மிடிப்பூண்டிக்கு வடக்கே, ஆரம்பாக்கத்தை ஒட்டிய பகுதியில் உள்ள நடுத்தர ரசாயன ஆலை ஒன்றில் நடந்தது இது. மேற்கே தேசிய நெடுஞ்சாலை 16, கிழக்கே பழவேற்காடு ஏரியிலிருந்து வரும் உப்புக் காற்று, வடக்கே சற்றுத் தள்ளித் தடா. அலுவலகத்தில் புழங்குவது தமிழ். ஒப்பந்த வேலைக்கு வருவோரில் பாதிக்கு மேல் தடா, சூலூர்பேட்டைப் பக்கத்துத் தெலுங்கு பேசுவோர். இந்தக் கடைசி விவரம் வெறும் ஊர் வர்ணனை இல்லை என்பது போகப் போகத் தெரியும்.

ஆலையில் சுமார் 90 அழுத்தக் கலன்களும் 310 குழாய் லைன்களும் உள்ளன. கலன்களைப் பொறுத்தவரை தொழிற்சாலை விதிகளின்படி வெளி ஆளான தகுதி பெற்ற ஆய்வாளர் வந்து பார்த்துச் சான்று தருவார். பாய்லரையும் அதைச் சார்ந்த நீராவிக் குழாய்களையும் பாய்லர் துறை பார்க்கும். இரண்டிலும் சேராதவை மற்ற லைன்கள். அவற்றைப் பார்ப்பது ஆலையின் சொந்த ஆய்வுப் பிரிவு மட்டுமே. நீராவி குளிர்ந்த தண்ணீரான கண்டன்சேட் திரும்பும் லைன் அந்த வகை.

இந்த ஆய்வின் மையத்தில் இருப்பது அப்படி ஒரு லைன்: 4 அங்குலம், ஷெட்யூல் 40 (சுவர்த் தடிமனின் வகை), கார்பன் ஸ்டீல், பெயரளவுத் தடிமன் 6.02 மி.மீ. 2010-இல் ஓட்டத்துக்கு வந்தது. உள்ளே ஓடுவது ஏறக்குறைய 95 டிகிரி கண்டன்சேட். முழுக் குழாயும் நிறைந்து ஓடாது. பாதிக்கும் கீழேதான் தண்ணீர் மட்டம் இருக்கும். வெளியே இன்சுலேஷனும் அலுமினியத் தகடும்.

மென்பொருளுக்குத் தரவு போன விதம்

2022 வரை தடிமன் ரீடிங்குகள் 37 எக்ஸெல் கோப்புகளில் கிடந்தன. அந்த ஆண்டு ஆய்வுத் தரவு மென்பொருள் ஒன்று வாங்கப்பட்டது. சுமார் 11,000 ரீடிங்குகளை 2023 மார்ச் 31-க்குள் ஏற்றியாக வேண்டும். அதற்குப் பிறகு பில் அந்த நிதியாண்டில் போகாது.

முதல் முறை ஏற்றியபோது மென்பொருள் 4,000-க்கும் மேல் எச்சரிக்கை கொடுத்தது. பெரும்பாலானவை அற்பமானவை: கலன் எண்ணில் ஒரு கோப்பில் கோடு இருக்கும், இன்னொன்றில் இருக்காது. ஒவ்வொன்றாகப் பார்க்க ஆள் இல்லாததால் ஏற்றும் நேரத்துக்கு மட்டும் சரிபார்ப்பை அணைத்துவிட்டார்கள். அணைந்தவற்றில் ஒரு விதி முக்கியமானது: புதிய ரீடிங் பழையதைவிட 10 சதவீதத்துக்கு மேல் கூடினால் ஏற்காதே.

எக்ஸெலில் 'குறிப்பு' என்று ஒரு பத்தி இருந்தது. மென்பொருளில் அதற்கு இணையான இடம் இல்லாததால் அது ஏற்றப்படவே இல்லை. ஓய்வு பெற்றுப் போன பழைய ஆய்வாளர் அந்தப் பத்தியில் இந்த லைனுக்கு எதிரே '2.3' என்று எழுதி வைத்திருந்தார்.

நவம்பர் 2024: கண்ணில் பட்டது

வடகிழக்குப் பருவமழைக் காலம். குழாய்களைத் தாங்கும் பைப் ரேக்கில் தகட்டின் தையல் வழியே சொட்டுவது அந்த மாதத்தில் யாருக்கும் புதிதில்லை. இன்சுலேஷனுக்குள் இறங்கிய மழைநீர் இரண்டு நாள் வரைகூட வடியும். மழை விட்டு மூன்றாம் நாளும் ஓரிடத்தில் சொட்டு நிற்கவில்லை. இரவுப் பணியில் இருந்த உதவியாளர் கீழே வாளி வைத்துப் பார்த்துவிட்டு ஷிஃப்ட் ஆபரேட்டரிடம் சொன்னது: "அண்ணா, இது மழைத் தண்ணி இல்ல, சுடுது."

அன்றிரவே அந்த இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி ஆள் நடமாட்டத்தை நிறுத்தினார்கள். யாருக்கும் காயம் இல்லை. ரேக்கின் அந்தப் பகுதிக்குக் கீழேதான் ஆட்கள் கேன்டீனுக்குப் போகும் நடைபாதை செல்கிறது.

காலையில் மென்பொருளைத் திறந்தபோது அந்த லைன் பச்சையில் இருந்தது. தாமதமான ஆய்வு எதுவும் இல்லை. மீதி ஆயுள், அதாவது சுவர் தேவையான தடிமன் வரை தேய இன்னும் ஆகும் காலம், 228 ஆண்டு.

முதல் இரண்டு நாள்

ஒழுகும் இடத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போட்டு ஓட்டலாமா என்பது முதல் கேள்வி. ஆய்வுப் பிரிவு மறுத்தது. சுற்றியுள்ள சுவர் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று தெரியாமல் கிளாம்பை முறுக்கினால் மெலிந்த குழாய் நசுங்கும், ஊசித்துளை பிளவாகும். கண்டன்சேட்டைக் குளிர்வித்து வடிகால் குழிக்குத் திருப்பிவிட்டு லைனைத் தனிமைப்படுத்தினார்கள். சூடான நல்ல தண்ணீரை இரண்டு நாள் கீழே விட்டதில் எரிபொருள் கூடுதலாகச் செலவானது. அதற்கு உற்பத்திப் பிரிவு முணுமுணுத்தது நியாயமே. ஆனாலும் முடிவு சரி.

இன்சுலேஷனைக் கழற்றியதும் படம் தெளிவானது. வெளிப்புறத்தில் துரு மிகக் குறைவு. அரிப்பு உள்ளே, குழாயின் அடிப்பக்கத்தில் ஏறக்குறைய 25 மி.மீ. அகலத்தில் வாய்க்கால் போல ஓடியது. எல்போவுக்கு (வளைவுத் துண்டுக்கு) அடுத்த 3 மீட்டரில் அடிச்சுவர் 1.1 முதல் 2.4 மி.மீ. வரைதான் இருந்தது. அதே இடத்தில் பக்கச்சுவர் 5.3.

கண்டன்சேட் லைனில் இது பாடப்புத்தக வகை அரிப்பு. பாய்லருக்குப் போகும் நீரில் உள்ள பைகார்பனேட் சூட்டில் சிதைந்து கார்பன் டை ஆக்சைடு வரும். அது நீராவியோடு போய், நீராவி குளிரும்போது தண்ணீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகும். குழாய் பாதி நிறைந்து ஓடினால் அமிலத் தண்ணீர் தொடும் அடிப்பக்கம் மட்டும் தேயும். இதைத் தடுக்கத்தான் அமீன் டோஸிங்: அமிலத்தை நடுநிலையாக்கும் ரசாயனத்தைக் கலப்பது. ஆய்வகப் பதிவேட்டைப் புரட்டினால் 2023-இல் பல மாதம் கண்டன்சேட்டின் பிஎச் 6-ஐ ஒட்டியே இருந்திருக்கிறது. அந்தப் பதிவேடு ஆய்வகத்தில் இருந்தது, மென்பொருள் ஆய்வுப் பிரிவில் இருந்தது. ஒன்றுக்கு மற்றொன்று தெரியாது.

6.1 எங்கிருந்து வந்தது

எல்போவுக்கு அருகில் உள்ள 14-ஆம் எண் அளவுப் புள்ளியின் அடிப்பக்க வரலாறு மென்பொருளில் இப்படி இருந்தது: 2013-இல் 5.6, 2016-இல் 5.1, 2019-இல் 4.2, 2022-இல் 6.1.

மூன்று ஆண்டில் குழாய் 1.9 மி.மீ. தடித்திருக்கிறது. இரும்பு வளராது என்பது மென்பொருளுக்கும் தெரியும். அரிப்பு விகிதம் எதிர்மறையாக வந்தால் அதைச் சுழியமாக்கி, அதற்குப் பதில் குறைந்தபட்ச விகிதமாக ஆண்டுக்கு 0.025 மி.மீ. எடுத்துக்கொள்ளும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. தேவையான தடிமன் என்ற கட்டத்தில் 0.4 இருந்தது. 6.1-இல் 0.4 போனால் 5.7, அதை 0.025-ஆல் வகுத்தால் 228. கணக்கில் பிழை எதுவும் இல்லை.

0.4-இலும் பிழை இல்லை என்பதுதான் சிக்கல். குழாய் வடிவமைப்புக்கான அமெரிக்க விதிநூல் ஏஎஸ்எம்இ பி31.3-இன் சூத்திரத்தில் 114.3 மி.மீ. வெளிவிட்டம், 10 பார் அழுத்தம், ஏ106 கிரேடு பி என்ற கார்பன் ஸ்டீல் குழாய்க்கான அனுமதி தகைவு என்று போட்டால் 0.41 மி.மீ. வரும். அது அழுத்தத்தைத் தாங்க மட்டும் போதும். குழாய் தன் எடை, தண்ணீர், சப்போர்ட்டுகளுக்கு இடையிலான தொய்வு, மேலே ஏறி நிற்கும் ஃபிட்டர் எல்லாவற்றையும் தாங்க வேண்டும். குழாய் ஆய்வு வழிகாட்டியான ஏபிஐ 574-இல் 4 அங்குலக் கார்பன் ஸ்டீல் குழாய்க்குக் கட்டமைப்புக் குறைந்தபட்சம் 0.09 அங்குலம், அதாவது 2.3 மி.மீ. பழைய ஆய்வாளர் குறிப்புப் பத்தியில் எழுதி வைத்த எண் அதுதான். குறைந்த அழுத்த லைன்களில் பெரும்பாலும் இந்த எண்ணே மேலோங்கும். அழுத்தக் கணக்கை மட்டும் ஏற்றினால் ஆலையில் உள்ள சிறிய குழாய்கள் எல்லாம் சாகாவரம் பெற்றவைபோலத் தெரியும்.

2019 தரவை வைத்து மட்டும் கையால் போட்டால்: 4.2-இல் 2.3 கழித்து 1.9, கடைசி மூன்று ஆண்டு விகிதம் 0.3, மீதி ஆயுள் 6.3 ஆண்டு. குழாய் ஆய்வு விதிநூலான ஏபிஐ 570-இன்படி அதில் பாதிக்குள், அதாவது 2022 நடுவுக்குள், மறுபடி அளக்க வேண்டும். 2022 மார்ச்சில் ஆட்கள் அளக்கவும் போனார்கள். வேலை தவறவில்லை, அளந்த இடம்தான் தவறியது.

2022 ரீடிங் ஏன் கூடியது என்பதை ஒவ்வொரு காரணமாகக் கழித்துப் பார்த்தார்கள். பழைய போக்கில் அப்போது அடிப்பக்கம் 3.3 இருந்திருக்க வேண்டும், பதிவானது 6.1. விளக்க வேண்டிய வித்தியாசம் 2.8 மி.மீ.

சூடு முதலில். கருவி சுவருக்குள் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்துத் தடிமனைக் கணக்கிடும். ஒலியின் வேகம் சூட்டில் குறைவதால் ரீடிங் கூடும். 55 டிகிரிக்கு ஏறக்குறைய 1 சதவீதம். 95 டிகிரியில் 6 மி.மீ.க்கு அது 0.1-ஐக்கூட எட்டாது.

அடுத்தது பெயின்ட். முந்தைய ஒப்பந்தக்காரர் புள்ளியில் பெயின்டைச் சுரண்டி அளந்துவிட்டுத் திரும்பப் பூசுவார். 2022-இல் வந்த புதியவர் பெயின்ட் மேலேயே, ஒற்றை எதிரொலி முறையில் அளந்திருக்கிறார். கருவி எஃகுக்கான 5,920 மீ/வி வேகத்தில் அமைந்திருக்கும். பெயின்டுக்குள் ஒலி அதில் பாதிகூடப் போகாது. 0.25 மி.மீ. பெயின்ட், கருவிக்கு 0.6 மி.மீ. இரும்பாகத் தெரியும். அடுத்தடுத்த இரு எதிரொலிகளுக்கு இடையிலான நேரத்தை எடுக்கும் எக்கோ–எக்கோ முறையில் அளந்திருந்தால் பெயின்ட் தானாகக் கழிந்திருக்கும். அதே கருவியில் ஒரு பட்டனை மாற்றினால் போதும்.

இரண்டும் சேர்ந்து 0.7. இன்னும் 2.1 மி.மீ. மீதி. இதைக் கருவியால் விளக்க முடியாது. புள்ளி வேறு இடமாகத்தான் இருக்க வேண்டும்.

ஒரு 'கே'

2022 களநோட்டுகள் ஸ்கேன் செய்யப்பட்டிருந்தன. அவற்றில் ஒவ்வொரு புள்ளிக்கும் எதிரே ஓர் ஆங்கில எழுத்தும் ஒரு ரீடிங்கும்: 'பி', 'இ', 'கே'. அலுவலகத்தில் தட்டச்சு செய்தவர்கள் தமிழர்கள். 'கே' என்றால் கீழே என்று எடுத்து, 6 மணி நிலை (கடிகார முகப்பில்போல அடிப்பக்கம்) என்ற கட்டத்தில் போட்டார்கள். 'இ' இடது. 'பி' என்னவென்று ஒருவரிடம் கேட்டு, பைன, அதாவது மேலே என்று அறிந்தார்கள். அங்கேயே 'கே'யையும் கேட்டிருக்கலாம். அது விளங்காத எழுத்தாகத் தெரியாததால் கேட்கவில்லை.

அப்போது இரண்டு குழு வேலை செய்தது. முதல் குழுவின் நோட்டில் 'கே' தெலுங்கில் கிந்த: கீழே. தமிழ் ஊகம் அதற்குப் பொருந்தியது, அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. இரண்டாம் குழுவின் நோட்டில் 'கே' என்பது குடி: வலது பக்கம். அந்தக் குழு மேல், இடம், வலம் என மூன்றே இடங்களை அளந்தது. ரேக்கின் அந்தப் பகுதியில் சாரம் குழாயின் மட்டத்துக்குத்தான் கட்டப்பட்டது; அடிப்பக்க இன்ஸ்பெக்‌ஷன் மூடியைத் திறக்கக் கை போகாது. அடியில் அளக்கவில்லை என்பதை எழுதவும் படிவத்தில் இடம் இல்லை.

அசல் நோட்டு 2024 டிசம்பரில் ஒப்பந்தக்காரரின் தடா கிடங்கில் கிடைத்தது. அதன் முன்னட்டையின் உட்பக்கத்தில் எழுத்துகளின் பொருள் நான்கு வரியில் தெளிவாக இருந்தது. 'கே – குடி' என்பதும் அதில் உண்டு. ஸ்கேன் முதல் பக்கத்திலிருந்துதான் தொடங்கியிருந்தது.

தெலுங்கில் எழுதியதால் வந்த வினை என்று ஒரு கூட்டத்தில் பேச்சு எழுந்தது. அதை ஏற்பதற்கில்லை. அளந்தவர் தம் குறியீட்டை எழுதி வைத்திருந்தார். ஊகித்தது வாங்கிய பக்கம்.

மற்ற லைன்களில் என்ன இருந்தது

மென்பொருளையே மாற்றிவிடலாம் என்று நிர்வாகத்தில் ஒரு கருத்து இருந்தது. ஆய்வுப் பிரிவு ஒப்பவில்லை: இதே தரவை வேறு எதில் ஏற்றினாலும் இதே 228 வரும். முதலில் தரவுத்தளத்தின் நகலை எடுத்து வைத்துத் திருத்தும் உரிமையை இரண்டு பேருக்கு மட்டும் விட்டார்கள். பிறகு நான்கு தேடல்கள்: முந்தையதைவிடக் கூடிய ரீடிங், 40 ஆண்டுக்கு மேல் மீதி ஆயுள், கட்டமைப்புக் குறைந்தபட்சத்துக்குக் கீழே உள்ள தேவைத் தடிமன், ஒரே ஒரு ரீடிங் மட்டும் உள்ள புள்ளி.

கூடிய ரீடிங்குகள் 640 வந்தன. 118 இடங்களில் குழாய் உண்மையிலேயே மாற்றப்பட்டிருந்தது. புதிய குழாயைப் பழைய வரலாற்றோடு ஒட்டியிருந்தார்கள். 391 பெயின்ட். மீதி 131, 22 லைன்களில், 'கே'.

391-க்கும் 0.6 கழித்துவிடலாம் என்ற யோசனை கவர்ச்சியானது. செய்யவில்லை. பெயின்ட் 0.15-இலிருந்து 0.4 மி.மீ. வரை மாறுகிறது, பிழை 0.37-ஆகவும் இருக்கலாம், 0.99-ஆகவும் இருக்கலாம். அந்த ரீடிங்குகளை அழிக்காமல், ஐயத்துக்குரியவை என்று குறித்து விகிதக் கணக்கிலிருந்து மட்டும் விலக்கினார்கள்.

நான்காவது தேடலில் எதிர்பாராதது ஒன்று சிக்கியது. சில வரைபடங்களில் புள்ளிகளுக்கு '3-4' என்று எண்: 3-ஆம் தாள், 4-ஆம் புள்ளி. எக்ஸெல் அதைத் தேதியாக்கிவிடும். இந்திய அமைப்பில் உள்ள கணினியில் அது ஏப்ரல் 3. அமெரிக்க அமைப்பில் மார்ச் 4. மென்பொருள் இவற்றைப் புதிய புள்ளிகள் என்று எண்ணித் தனித்தனியே திறந்துவிட்டது. வரலாறு இல்லாத புள்ளிக்கு விகிதம் வராது, விகிதம் இல்லாததற்குத் தாமதமும் வராது. குழாயின் ஐசோமெட்ரிக் (முப்பரிமாண) வரைபடத்தை வைத்து ஒவ்வொன்றாகக் கோக்க வேண்டியிருந்தது. எக்ஸெலில் அந்தப் பத்தியை எண் அடிக்கும் முன்பே 'டெக்ஸ்ட்' என்று அமைத்திருந்தால் இந்த வேலையே இல்லை.

22 லைன்களில் சூடானவை, தீப்பற்றக் கூடியவை என்று 9-ஐ முதலில் எடுத்து 12 நாளில் அடிப்பக்கம் அளந்தார்கள். புள்ளியில் மட்டும் கருவியின் புரோப்பை (உணர்முனையை) வைத்தால் 25 மி.மீ. வாய்க்கால் தவறிவிடும் என்பதால், அடியில் 60 மி.மீ. அகலப் பட்டையாகப் புரோப்பை நகர்த்திக் குறைந்த அளவை எழுதினார்கள். 3 மி.மீ.க்குக் கீழே போயிருந்தவை இரண்டு. இரண்டும் கண்டன்சேட் லைன்களே. திட்டமிட்ட நிறுத்தம் வரை காத்திருக்காமல் மாற்றப்பட்டன.

திருத்தியவை

கள அட்டையில் எழுத்துகள் இல்லை. பாயும் திசையை நோக்கி நின்றால் தெரியும் கடிகார நிலை மட்டும்: 12, 3, 6, 9. செங்குத்துக் குழாயில் ஆலையின் வடக்கு 12. எண்களை இரு மொழியினரும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள்.

ஒவ்வொரு ரீடிங்கோடும் கருவி எண், அளந்த முறை, பரப்பின் சூடு ஆகியவை கட்டாயம். 'எட்ட முடியவில்லை' என்பதும் ஏற்கத்தக்க பதிவு. அப்படிப் பதிவானால் அந்தப் புள்ளி முடிந்ததாகாது, சாரத்துக்கான வேலைக் கோரிக்கையாக மாறும். இது வந்த முதல் மாதத்திலேயே 'எட்ட முடியவில்லை' எண்ணிக்கை நிர்வாகத்தைத் திடுக்கிட வைத்தது. அவை முன்பும் இருந்தவைதான்.

தேவையான தடிமன், அழுத்தக் கணக்கிலும் கட்டமைப்புக் குறைந்தபட்சத்திலும் எது பெரிதோ அது. எதிர்மறை விகிதம் இனிச் சுழியமாகாது. லைன் சாம்பல் நிறத்துக்கு மாறி, இரண்டாம் முறை அளக்கும் வரை அப்படியே நிற்கும். குழாய் மாற்றினால் புதிய அடிப்படை ரீடிங் இல்லாமல் வேலை உத்தரவை மூட முடியாது. கண்டன்சேட் பிஎச் 8-க்குக் கீழே ஒரு வாரம் தொடர்ந்தால் ஆய்வுப் பிரிவுக்குத் தகவல் போகும். இதற்கு மட்டும் மென்பொருள் இணைப்பு இன்னும் இல்லை. ஆய்வகத்திலிருந்து திங்கள்தோறும் ஒரு தாள் வருகிறது.

மறுபடி செய்தால்

முழு ஆலையையும் ஒரே மூச்சில் ஏற்றாமல், ஒரு யூனிட்டின் 20 லைன்களை மட்டும் முதலில் ஏற்றி, மீதி ஆயுளைக் கையால் கணக்கிட்டு ஒப்பிட்டிருக்க வேண்டும். 0.4 என்ற எண் முதல் லைனிலேயே கண்ணில் பட்டிருக்கும். தட்டச்சுக்கு ரீடிங் எண்ணிக்கைப்படி கூலி கொடுத்ததும் தவறு. நிறுத்திக் கேள்வி கேட்பவருக்கு அதில் நட்டம். தரவு ஏற்றும் குழுவில் அளந்த குழுவைச் சேர்ந்த ஒருவராவது உட்கார்ந்திருக்க வேண்டும்.

இப்போதைய நிலை

ஒழுகிய பகுதியில் 18 மீட்டர் வெட்டி எடுத்து ஷெட்யூல் 80 குழாய் வைத்தார்கள். பெயரளவுத் தடிமன் 8.56. டோஸிங் சீராகும் வரை அவகாசம் வேண்டும் என்பதே காரணம். பழைய ஷெட்யூல் 40 குழாயோடு சேரும் இரு முனையிலும் உள்விட்டம் பொருந்தாது; தடித்த குழாயின் உட்புறத்தைச் சரிவாகக் கடைந்து வெல்டிங் செய்தார்கள். 15 பாரில் நீரழுத்தச் சோதனை முடிந்து லைன் ஓட்டத்துக்கு வந்தது.

தேதியாக மாறிய புள்ளிகளில் 19 இன்னும் எந்த வரைபடத்தோடும் பொருந்தவில்லை. அடுத்த நிறுத்தத்தில் சாரம் கட்டி நேரில் பார்க்க வேண்டும். 14-ஆம் புள்ளியின் 6 மணி நிலை, பெயின்ட் பூசும் முன் அளந்த அடிப்படை ரீடிங் 8.3. ஓராண்டு கழித்து 2025 நவம்பரில் எக்கோ–எக்கோ முறையில் 8.2. அந்த 0.1 கருவியின் பிழை எல்லைக்குள் அடங்கும் என்பதால் விகிதம் எதுவும் கணக்கிடவில்லை. அதனால் மென்பொருளில் அந்த லைன் இப்போதைக்குச் சாம்பல் நிறத்தில் இருக்கிறது.